எத்தனை தாங்கும் என்று சொல்லிவிட்டு விற்றிருக்கக் கூடாதா?

"வைஃபை இருந்தா போதும் அண்ணே, மாட்டினா வேலை முடிஞ்சது." விளக்கு விற்றவரும் இதைத்தான் சொன்னார், கேமரா விற்றவரும் இதைத்தான் சொன்னார். அந்த வைஃபை எத்தனை பொருளைத் தாங்கும் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய தரைவீடு. எங்கள் வரிசைக்கு ஃபைபர் இணையக் கம்பி வரவில்லை, அதனால் சிம் கார்டு போடும் மோடம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்து சுவிட்சைத் தேடக் கூடாது என்றுதான் இத்தனையும் வாங்கினேன். விளக்கு 14, பிளக் 8, கேமரா 4, காற்றாடி 3, டிவி 2, ஏர்கான் 2, வாசல் மணி ஒன்று. மொத்தம் 34.

அத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். மோடத்தில் இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் இவற்றுக்கு உதவாது. அந்த 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எல்லா மோடமும் அந்த மூன்றுக்குள்தான் முட்டி மோத வேண்டும்.

சேவை எண்ணுக்கு அழைத்தால், "253 முகவரி இருக்கு ஐயா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மோடம் கொடுக்கும் எண்தான் அந்த முகவரி. அது இருந்து என்ன பயன்? ரேடியோ தாங்க வேண்டாமா? மோடத்தின் அமைப்புப் பக்கத்தை நானே தோண்டிப் பார்த்தேன். 2.4-க்கு அதிகபட்சம் 32 பொருள் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. அதை அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

போன வாரம் இடி இடித்து மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் விளக்கும் பிளக்கும் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டன. அம்மா அறைக் கேமராவுக்கு இடமில்லை. நான் ஈப்போவில் இரவு வேலையில் இருந்தேன். திரை இருட்டு, அம்மா போனையும் எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சிவிட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மழையில் மோட்டாரில் வந்தேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் நின்று அழுதுவிட்டேன்.

வைஃபை இல்லாமல் தனி ரேடியோவில் பேசும் ஸிக்பீ வகை விளக்கு வாங்கியிருந்தால், அவற்றை இணைக்கும் ஹப் என்ற ஒரு பெட்டி மட்டும் மோடத்தில் ஓர் இடம் பிடிக்கும், விளக்கெல்லாம் அதன் பின்னால் நிற்கும். கேமராவுக்குத் தாராளமாக இடம் இருந்திருக்கும். இதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். 14 விளக்கை எண்ணி எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, "வீட்டில் என்ன மோடம்?" என்று!

நேற்று 6 விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய விளக்கையே மாட்டினேன். கேமராவுக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. ஒன்று 35 வெள்ளி (ரிங்கிட்) என்று 6 விளக்குக்குக் கொடுத்த 210 வெள்ளியை யார் திருப்பித் தருவார்கள்?