ஏற்காடு பக்கம்தான், ஆனாலும் அது மலை

சேலத்துக்காரர்களாகிய நாம் ஏற்காட்டைச் சுற்றுலாத் தலமாகவே கருதுவதில்லை. வெளியூர் உறவினர் வந்தால் அழைத்துச் செல்வோம். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டால் வண்டியை எடுத்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏறி, ஏரிக்கரையில் ஒரு டீயும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். 30 கிலோமீட்டரில் இப்படியொரு மலை வாய்த்தது நம் பேறு. ஆனால் அந்த அருகாமையே நம்மை அலட்சியக்காரர்களாக்கி வைத்திருக்கிறது என்பது என் கருத்து. இமயமலைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஆயிரம் பத்திரம் சொல்லி அனுப்புகிற அதே வீட்டில், ஏற்காட்டுக்குப் போகிறேன் என்றால், "வரும்போது நல்ல மிளகு பார்த்து வாங்கிட்டு வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. சேர்வராயன் கோயில் அமைந்த சிகரம் 1,623 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறி, பெரும்பாலும் அன்றே இறங்கியும் விடுகிறோம். கீழே வெயில் கொளுத்தும் நேரத்தில் மேலே இரண்டடி தூரம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருக்கக்கூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இந்த ஊரே பார்த்தது.

இதைச் சொல்வதால் போகவே வேண்டாம் என்கிறேன் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வருத்தம் நேர்மாறானது. படகுத்துறை, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் என்று மூன்று இடங்களைத் தொட்டுவிட்டு ஏற்காட்டைப் பார்த்தாகிவிட்டது என்று இறங்கிவிடுகிறவர்களே நம்மில் அதிகம். ஏரியிலிருந்து தொடங்கிக் காப்பித் தோட்டங்களையும் மலைக் கிராமங்களையும் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டை முழுதாகச் சுற்றியவர் நம் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள்? 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். இன்று அந்தத் தோட்டங்களின் ஓரமாக, சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடிகளைப் பார்த்தபடி நடப்பதற்கு ஒரு காலைப் பொழுதே போதும். மலைவாழ் மக்கள் வழிபடும் சேர்வராயன் குகைக்கோயிலில், குனிந்து உள்ளே போகும்போது முகத்தில் அறையும் அந்த ஈரக் குளிர்ச்சியைக் காணொளியில் பார்த்து உணர முடியாது. போக வேண்டும், நடக்க வேண்டும், வியர்க்க வேண்டும். இவ்வளவையும் முழுதாக அனுபவித்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேர்வதற்கு, அதை மலை என்று மதித்துப் போனாலே போதும்.

மதிப்பது என்றால் முதலில் இறங்குவதைப் பற்றி யோசிப்பது. நாம் எல்லோரும் ஏறுவதைத்தான் திட்டமிடுகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, எந்த இடத்தில் படம் எடுப்பது என்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. இறக்கமோ, நாள் முழுக்க அலைந்த களைப்போடும் மங்கும் வெளிச்சத்தோடும், சீக்கிரம் வீடு சேர வேண்டும் என்ற அவசரத்தோடும் நடக்கிறது. 2024 ஏப்ரல் 30 அன்று, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து 13ஆவது வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்து உயிர்கள் போனதை மறந்துவிடக் கூடாது. தினந்தோறும் அதே பாதையில் ஓடும் வாகனங்களுக்கே அந்த இறக்கம் அப்படியானது என்றால், ஆண்டுக்கு இருமுறை காரை மேலே கொண்டுபோகும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் ஓராயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கினால், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் எஞ்சினும் தம் பங்கை ஏற்றுக்கொள்ளும்படி இரண்டாவது அல்லது முதல் கியரில் இறங்கினால் பிரேக் தப்பிக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரங்களுக்குள் இருக்கும் சிறு தகடுகளின் தலையில் விழும். பிரேக் பட்டை சூடேறிப் பிடிப்பு குறையும். பல ஆண்டுகளாக மாற்றாத பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அது கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஒரு வளைவின் ஓரத்தில் முன்சக்கரம் இரண்டிலும் புகை வர, ஒரு குடும்பம் காரை நிறுத்தியிருந்தது. எரிந்த ரப்பரும் இரும்பும் கலந்த நாற்றம் அடுத்த வளைவு வரைக்கும் வந்தது. குழந்தைகளைச் சுவரோரமாக உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்மணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றப் போனார். எதிரே ஏறி வந்த லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டி, "தண்ணி ஊத்தாதீங்கக்கா, டிஸ்க் விரிசல் விட்டுரும். அரை மணி நேரம் அப்படியே ஆற விடுங்க. அப்புறம் ரெண்டாவது கியரைப் போட்டு இறங்கச் சொல்லுங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அந்தக் கணவருக்கு இதைச் சொல்லித் தந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். சமதளத்தில் எட்டுப் போடத் தெரிந்தால் உரிமம் கிடைத்துவிடுகிறது.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் இருவராக இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வண்டிகளில் எஞ்சின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது சொற்பம். முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான். சில வளைவுகளுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆற விடுவதில் மானக்குறைவு ஏதும் இல்லை. குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் சாலை விதி. 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. நம் பாதையில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குவதைப் பார்த்தால், அப்படியொரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

அடுத்தது இடி. கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில்தான் மலை நிரம்பி வழிகிறது. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல்களில்தான் கோடை மழையும் இடி மின்னலோடு வந்து இறங்குகிறது. கூட்டத்தின் பருவமும் மின்னலின் பருவமும் ஒன்றாகவே அமைந்திருப்பதை ஏனோ நாம் பேசுவதே இல்லை. சேர்வராயன் கோயிலைச் சுற்றிய மேட்டு நிலம் மறைப்பில்லாத வெட்டவெளி. பகோடா பாயிண்டின் பாறை விளிம்பும் அப்படியே. அங்கே நிற்கும்போது இடியோசை காதில் விழுந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். தனி மரத்தடியில் ஒதுங்குவது இருப்பதிலேயே மோசமான முடிவு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருவது நல்லது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். காலையிலேயே சிகரத்துக்குப் போய்விட்டு மதியத்துக்குள் கீழே வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் விடுமுறையில் யார் சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள்!

கிளியூர் அருவி வேறு வகையான எச்சரிக்கையைக் கேட்கிறது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆகவே அருவியடியில் வெயில் அடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மழை மேலே பெய்திருந்தால் போதும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் கனப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், துண்டையும் செருப்பையும் தேடாமல் உடனே கரையேறிவிட வேண்டும். ஒருமுறை அங்கே கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒருவர், குளித்துக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து, "தம்பிங்களா, தண்ணி நெறம் மாறுது, மேல வந்துருங்கய்யா" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் சிரித்தபடி காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அவர்கள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. அவர்கள் எப்படியோ தாவிக் கரை சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயைத் திறந்து எச்சரித்தால், படித்த படிப்பையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

மலையேற்றத்துக்கு வருகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தபோது, மலையேற்றத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அன்றும் அது சரியான தீர்வாக எனக்குப் படவில்லை. தடை போட்டால் அனுமதியில்லாமல் போகிறவர்கள்தான் பெருகுவார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அதில் நம் மாவட்டத்துக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர், நாகலூரிலிருந்து சன்னியாசிமலை, கோதமலை ஆகிய பாதைகள் கிடைத்தன. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு என் நண்பர்களிடமும் உண்டு. ஊரைவிட்டு ஊர் போய்த் தங்கும் விடுதிக்குக் கேள்வி கேட்காமல் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், தம் உயிருக்குப் பொறுப்பேற்று உடன் நடக்கும் ஒருவருக்குக் கொடுக்கக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

சேர்வராயன் மலையின் மேல்பகுதி பசுமையாக இருந்தாலும் கீழ்ச்சரிவுகள் இலையுதிர் காடும் முட்புதரும் காய்ந்த புல்லும்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே ஒரு பீடித் துண்டே போதும். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஓடும், ஏனெனில் கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. மேலே ஓடித் தப்பிக்க நினைப்பவரை அது முந்திவிடும். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடினால் அதில் வாதாட ஒன்றுமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் தோட்டங்களுக்குள் அட்டை ஏறும். அது தொல்லையே தவிர ஆபத்து இல்லை. அதிகாலையிலும் மாலை மங்கும்போதும் காட்டெருமைகள் சாலைக்கு வரும். படம் எடுக்க இறங்காதீர்கள், ஹாரனும் அடிக்காதீர்கள், அவை போகும்வரை காத்திருங்கள். மலைப்பாதைக் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள், அலைவரிசை கிடைக்காத இடமானால் கிடைக்கும் வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

ஒன்றை மட்டும் சுருக்க மனம் வரவில்லை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கூடாரங்களிலும் தங்கும் அறைகளிலும் இரவு விருந்துக்குப் பற்றவைத்த கரியடுப்பை, இதம் தரும் என்று உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் விழிப்பதே இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் ஹீட்டரும் இதே வேலையைச் செய்யும். அறையெடுக்கும்போது காட்சி எப்படி என்று கேட்பதற்கு முன்னால், குளியலறையில் சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளையவர்களுக்கு என் பரிந்துரை குண்டூர் பாதைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தீக்காலம் தொடங்கும் முன்பு, அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரித் தொடக்கத்துக்குள் போகும்படி முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சேலத்துப் பக்கச் சரிவில் வெயில் முதுகில்தான் விழும். காலணியைப் புதிதாக வாங்கி அன்றே போட்டுக்கொண்டு போகாதீர்கள்; முன்னதாகவே வாங்கி ஒரு வாரம் தெருவில் நடந்து பழகிவிட்டுப் போங்கள்.