நான்கு சிலிண்டர் என்ஜின் ஃபோர்டின் கண்டுபிடிப்பா?

"உலகின் முதல் நான்கு சிலிண்டர் கார் என்ஜினை 1908-இல் மாடல் டி காருக்காக ஹென்றி ஃபோர்டு கண்டுபிடித்தார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

ஜெர்மனியில் டைம்லர், மேபாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1890-லேயே நான்கு சிலிண்டர் என்ஜின் செய்துவிட்டார்கள். அது படகுக்கானது. சரி, கார்? வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காரில் இருந்தது 5.9 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின்தான். 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் எல்லோரையும் அசத்தியது. அவ்வளவு ஏன், ஃபோர்டு நிறுவனமே 1904-இல் கொண்டுவந்த மாடல் பி-யிலும் நான்கு சிலிண்டர் உண்டு.

மாடல் டி-யின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சிலிண்டர்களை மேலே மூடும் மூடியான ஹெட்டைத் தனியாகக் கழற்றும்படி அமைத்தார்கள். தயாரிப்பு எளிதானது, பழுதுபார்ப்பதும் சுலபமானது. உண்மையிலேயே அருமையான வேலை அது. ஃபோர்டைப் பாராட்ட மேபாக்கை மறைக்க வேண்டியதில்லை.

மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் இணைய ஆவணக் காப்பகத்தில் 35 எச்.பி. காரின் விவரங்களை யாரும் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.