கத்தரிக்கோலை ஓரமா வைங்க

மெக்சிகோ காகிதத் தோரணம் செய்யச் சொல்லித்தருகிறோம் என்று வரும் நிறைய வீடியோக்கள், தாளை நாலாக மடித்துக் கத்தரிப்பதோடு முடிகின்றன. பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அது ‘பாப்பெல் பிக்காதோ’ ஆகாது. அந்தத் தோரணத்தின் ஸ்பானியப் பெயர் அது: பாப்பெல் என்றால் தாள், பிக்காதோ என்றால் கொத்தி வெட்டியது. அதாவது உளி வேலை.

புவெப்லா மாநிலத்தின் சான் சல்வதோர் விஷ்கொலோத்லா இதற்குப் பேர்போன ஊர். அவ்வூர்க் கலையை 1998-இல் மாநில அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அங்கே டிஷ்யூ என்னும் மெல்லிய வண்ணத் தாள் 50 வரை அடுக்கி, மேலே மாதிரிப் படம், அடியில் ஈயத்தகடு. உளியை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒரே போடு.

ஏன் ஈயம்? இரும்பு என்றால் உளி முனை மழுங்கும். ஈயம் முனையை வாங்கிக்கொள்ளும். ஆனால் குழி விழுந்த தகட்டைத் தட்டிச் சமமாக்காமல் விட்டால், அடித் தாள்கள் அறுபடாமல் குழிக்குள் மசிந்து போகும். (ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.) உளி லேசாகச் சாய்ந்தாலும் போச்சு: மேல் தாளில் சரியாக இருக்கும் ஓட்டை, அடியில் நகர்ந்து பக்கத்துக் கோட்டைத் தின்றிருக்கும்.

என்னைக் கேட்டால், திறமை படத்தில் இல்லை, பாலத்தில் இருக்கிறது. மண்டையோட்டுப் படத்தின் கண்ணை வெட்டுவது சுலபம். அந்தக் கண்ணுக்குள் ஒரு பூ வேண்டுமா? பூவைச் சுற்றி வெட்டினால் பூவும் சேர்ந்து விழும். இரண்டு மூன்று இடத்திலாவது விளிம்போடு பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்புதான் பாலம். பின்னணி முழுக்க ஓடும் கம்பிவலை போன்ற கட்டம் அலங்காரம் மட்டுமல்ல, படத்தைத் தாங்குவதே அதுதான். அதனால் உள்ளே இருக்கும் பொடி ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள், வலையைப் பிறகு. மாற்றிச் செய்தால் தாள் தொய்ந்து அடுக்கு நகரும்.

ஒருவர் வரைய, ஒருவர் கொத்த, மற்றவர்கள் தாள் பிரித்து நூலில் ஒட்ட என்று குடும்பமாகச் செய்யும் தொழில் இது. பிரிப்பது எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். வெட்டுவாயில் தாள்கள் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் முதலில் கிழிவது அந்தப் பாலம்தான்.

இப்போது தெருவுக்கு பிளாஸ்டிக் தோரணம் வந்துவிட்டது. மழை தாங்கும், சரி. ஆனால் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோருக்குப் படைக்கும் மேடையில் இந்தத் தாள் காற்றைக் குறிக்கும் என்பார்கள். டிஷ்யூ தாள், பக்கத்தில் ஆள் நடந்தாலே அசையும். பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு நிற்கும்.