கணக்கை யாராவது சத்தமாக வாசியுங்கள்

எழுத்தறிவு உயர்ந்தால் ஊர் தானாக முன்னேறிவிடும் என்று பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக் காலத்திலிருந்தே எழுதி வருகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. சரி, அடுத்த கிராம சபைக்குப் போய் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் தரையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். ஓரத்தில் நாலு பெரியவர்கள். டீக்கடைப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கும் இரண்டு இளவட்டங்கள். ஊரில் பட்டம் வாங்கியவர்கள், வேலையில் இருப்பவர்கள், முகநூலில் அரசியல் எழுதுபவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) பெரும்பாலும் வருவதில்லை.

படித்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. படிப்பு எப்போது ஊருக்குப் பலமாகிறது, எப்போது ஆளை ஊரிலிருந்து கிளப்பிக் கொண்டுபோகும் பஸ் டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது என்பது ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 1990களின் தொடக்கத்தில் எங்கள் பக்கம், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கி, 1990இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட வேகம் அப்போது எல்லாப் பக்கமும் பரவிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், வாத்தியார்கள், வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த பையன்கள், பெண்கள் எல்லாம் தொண்டர்களாக இறங்கினார்கள். சம்பளம் கிடையாது. சாயங்காலம் கலைக்குழு வந்து தெருவில் பாட்டும் நாடகமும் போடும். ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு மேல், வேலை முடிந்து வந்த பெண்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் சிலேட்டோடு உட்காருவார்கள்.

அந்தப் பாடப் புத்தகம் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, வாயில் தினமும் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசி, அப்புறம்தான் அதை உடைத்து எழுத்துக்குப் போகும். கூலியைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு சொல் வந்தால் வகுப்பு எழுத்தோடு நிற்குமா? "எங்களுக்கு எம்புட்டுக் கூலி தரணும்னு சட்டம் சொல்லுது?" என்று யாராவது கேட்பார்கள். பதில் தெரியாத தொண்டர் மறுநாள் விசாரித்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். அங்கே கற்றவரும் கற்பித்தவரும் ஒன்றாகத்தான் அரசாங்கத்தைப் படித்தார்கள்.

புதுக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் சைக்கிள் ஞாபகம் வரும். பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் பகுதியாகவே வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டதாக அந்தக் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. கேலி பேசிய ஆண்கள் ஏராளம், அதையும் நான் கேட்டிருக்கிறேன். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பல பெண்கள் விரும்பி எடுத்தார்கள், முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆம்பளைக்காகவும் காத்திருக்காமல் கூட்டத்துக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, பக்கத்து ஊர் வகுப்பை நடத்தப் போக அந்த சைக்கிள் இருந்தது. கல்குவாரியில் அடிமாட்டுக் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்ததும் அதே காலம், அதே மாவட்டம். எழுத்து, சைக்கிள், குத்தகைப் பத்திரம் எல்லாம் அவர்களுக்கு ஒரே சமயத்தில் வந்தன.

என் அத்தை ஒருத்தி அந்த வகுப்பில் படித்தாள். அவள் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. படித்ததெல்லாம் ரேஷன் கடைப் பலகையை. கடைக்கு வெளியே இருப்பு எழுதிப் போட்டிருப்பார்கள், அரிசி இத்தனை, மண்ணெண்ணெய் இத்தனை என்று. அது அங்கேதான் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற யாரும் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒருநாள் கடைக்காரர் "எண்ணெய் தீந்து போச்சு, போங்க" என்றார். அத்தை பலகையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். "மண், ணெண், ணெய்... இருப்புன்னு போட்டு நம்பர் இருக்கே, அது எங்கண்ணே போச்சு?" கடைக்காரர் முதலில் சிரித்தார். பின்னால் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எண்ணெய் ஊற்றினார்கள்.

வாசித்தது அத்தைதான். ஆனால் எண்ணெய் கிடைத்தது வரிசை முழுக்க அதைக் கேட்டதால். தனக்குள் வாசித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போயிருந்தால் கடைக்காரருக்கு என்ன?

இதே சங்கதி பெரிய அளவில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது. எழுத்தறிவு வகுப்புப் பாடத்தில் சாராயத்தால் கெடும் குடும்பங்களின் கதை வந்தது. துபகுண்டா என்ற ஊரில் பெண்கள் அதைச் சேர்ந்து படித்து, சேர்ந்து பேசி, நேரே சாராயக் கடைக்குப் போனார்கள். கடை மூடப்பட்டது. மற்ற ஊர்களுக்கும் பரவி, சாராய ஏலத்தையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்து, 1997இல் தளர்ந்துபோனது வேறு கதை. அதற்குள் வகுப்புகளும் தேய்ந்துவிட்டன. எங்கள் பக்கமும் அப்படித்தான். இயக்கம் முடிந்ததும் பழக்கம் விட்டுப்போய், கற்ற எழுத்தைப் பலர் மறந்தார்கள்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 1994 ஊராட்சிகள் சட்டம் இந்தச் சபைக்குக் கொடுத்திருக்கும் இடம் சாதாரணமானதல்ல. ஊராட்சியின் வரவு செலவை அதன் முன் வைக்கவேண்டும், திட்டங்களுக்கு அதன் ஒப்புதல் வாங்கவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300.

நடைமுறை எப்படி? நான் பார்த்த கூட்டங்களில் கிளார்க் ஒரு தாளை எடுத்து, கோயிலில் அர்ச்சனை சொல்லும் வேகத்தில் வாசித்து முடிப்பார். தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு, மோட்டார் பழுது, பொது நிதி, ஏதோ மானியம், ஏதோ தொகை. காதில் ஒன்றும் நிற்காது. அதற்குள் வருகைப் பதிவேடு கையெழுத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் காலியாக இருக்க, கீழே கையெழுத்துகள் மட்டும் நிரம்பியதை ஓரிடத்தில் கண்ணால் கண்டேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. படிக்கும் பலருக்கு அது அவரவர் ஊராகத்தான் தோன்றும். ஆள் குறைந்தால் பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. பட்டதாரி வீட்டிலும் வாங்குகிறார்கள். அவரும் வாசலில் நின்றபடியே, என்ன ஏதென்று பார்க்காமல் போட்டுக் கொடுக்கிறார். ஒரு காலத்தில் கைநாட்டு வைத்தார்கள், இப்போது ஸ்டைலாகக் கையெழுத்து. ஊராட்சிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ராஜஸ்தான் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில், சமூகச் செயல்பாட்டாளர் அருணா ராய் முதலானோர் சேர்ந்து நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு ஒரு பொது விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் கூலிப் பதிவேட்டை எடுத்து, ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த வித்தை. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகப் பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஊரே பதில் சொன்னது. உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. ஆனால் யார் வேலைக்குப் போனார், யார் போகவில்லை என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? காகிதத்தில் இருந்ததும் ஊருக்குத் தெரிந்ததும் ஒரே இடத்தில் சந்தித்தன. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்கள் முழக்கத்திலிருந்து வளர்ந்துதான் 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நாம் 1997லேயே தமிழ்நாட்டுக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுவிட்டோம் என்று பெருமை பேசலாம். அதில் இருந்த விதிவிலக்குகளைப் படித்தால் பெருமை அடங்கிவிடும்.

அதனால் என் வாதம் இதுதான்: எழுத்தறிவு ஊருக்கு உதவுவது, ஊரின் காகிதங்களை நாலு பேர் நடுவே வாய்விட்டு வாசிக்கும்போது. தனித்தனியாக எத்தனை பேர் எம்.ஏ. படித்தாலும் தெருப் பைப்பில் தண்ணீர் வராது.

நூலகம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்து பைசா. 1948இல் நாட்டுக்கே முன்னோடியாக நாம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள் தோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். பல ஊர்களில் அதற்குள் இப்போது பழைய பைப்பும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கிடக்கின்றன. ஊர்க் கணக்கை ஒட்டி வைக்க அதைவிட நல்ல சுவர் ஊரில் வேறு எது? யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றி அடக்கிக்கொண்டார்கள்.

"எல்லாம் சரி, சாதியை எங்கே வைப்பீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கவேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்தான முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்று ஊராட்சிகளிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996இலிருந்து 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடவில்லை. தடுத்தவர்கள் எழுத்தறிவில்லாதவர்களா? சட்டத்தில் எந்த ஓட்டையில் புகுந்து எப்போது ராஜினாமா செய்ய வைக்கலாம் என்று நன்றாகப் படித்துவைத்திருந்தவர்கள். படிப்பு மட்டும் யாரையும் நியாயவான் ஆக்காது. யார் கையில் மைக் இருக்கிறது, யார் தரையில், யார் நாற்காலியில் என்பதும் சேர்ந்துதான் அந்தச் சபை. பெண் தலைவருக்குப் பதிலாக வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காரும் ஊர்களையும் இதே கணக்கில் சேருங்கள். ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு என்று 2016இல் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, நாற்காலியைத் திருத்தத்தான் ஆளில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் தேர்தல் வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான் எங்கள் ஊரை நடத்தினார். மூன்று வருடம் நமக்கென ஒரு வார்டு மெம்பர்கூட இல்லை. எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததாக ஞாபகமில்லை. அந்தக் குழுவில் என்ஜினியர்கள் இருக்கிறார்கள், வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள், துபாயில் கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குட் மார்னிங்கும் கோயில் திருவிழா வசூலும் தவறாமல் வரும். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: திருவிழா வசூலின் வரவு செலவைப் பைசா சுத்தமாக வாசித்துக் கேள்வி கேட்பார்கள். "மைக் செட்டுக்கு ஏன் இவ்வளவு?" என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. ஆக, கணக்குக் கேட்கத் தெரியாத ஊர் இல்லை இது.

அந்தத் தேர்தலில் வந்த பிரசிடெண்ட் பதவியில் இருந்தபோது, ஒரு மே தினக் கூட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தோம். கிளார்க்கிடம் தாளை வாங்கி, ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசிக்கச் சொன்னோம். பிரசிடெண்டுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவிளக்கு வரியில் "எங்க தெருவுக்கு பல்பு போட்டு வருசமாச்சு" என்று ஒரு பெரியம்மா எழுந்தார். கிளார்க் குறித்துக்கொண்டார். அப்புறம் மோட்டார் பழுது. ஒரே போர்வெல் மோட்டாருக்கு மறுபடி மறுபடி காயில் கட்டியதாக இருந்தது. கூட்டத்தில் சலசலப்பு. யாருக்கோ பை நிறைந்திருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். பம்ப் ஆபரேட்டர் எழுந்து நின்று, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி மோட்டார் எரிகிறது, ஒவ்வொரு தடவையும் கட்டியது உண்மை, காயில் கட்டிய கடை ரசீது எல்லாம் இருக்கிறது என்றார். அந்தத் தெருக்காரர்கள் "ஆமா, எங்க வீட்டு ஃபேனே சுத்தாது" என்று ஒத்துக்கொண்டார்கள். பிரசிடெண்ட் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு.

அந்த வரியில் திருட்டு ஏதும் இல்லை. டிரான்ஸ்பார்மர்தான் போதவில்லை. மின் வாரியத்துக்குப் புது டிரான்ஸ்பார்மர் கேட்டு அங்கேயே தீர்மானம் எழுதினார்கள், கையெழுத்து போடுவதற்கு முன்னால். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறேன். மின் வாரியத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மனு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள்.