சூயஸைத் திறந்தது விக்டோரியா அல்ல

“சூயஸ் கால்வாயை வெட்டியது பிரிட்டிஷ்காரர்கள், விக்டோரியா ராணி நேரில் போய்த் திறந்து வைத்தார்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. வெட்டியது பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் நிறுவனம், 1859 முதல் 1869 வரை. பிரிட்டிஷ் அரசு இந்தத் திட்டத்தை வெகுநாள் எதிர்த்து வந்தது.

1869 நவம்பர் 17 அன்று கால்வாயின் வடக்கு முனையான போர்ட் சையதிலிருந்து கப்பல்கள் ஊர்வலமாகக் கிளம்பின. அதிகாரபூர்வமாக முன்னால் சென்றது பிரான்சின் பேரரசி யூஜெனி வந்த ‘லெய்கிள்’. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெப், பிரஷ்ய இளவரசர் எல்லோரும் விருந்தாளிகள். அழைத்தவர் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா. விக்டோரியா வரவே இல்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. முந்தைய நாள் இரவு ‘நியூபோர்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் விளக்குகளை அணைத்துவிட்டு, காத்திருந்த கப்பல்களுக்கு இடையே நைசாக நுழைந்து, யூஜெனியின் கப்பலுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டதாம். அதன் கேப்டன் நேர்ஸுக்கு வெளிப்படையாகக் கண்டனம், உள்ளுக்குள் பாராட்டு என்பார்கள். அந்த வகையில் “முதல் கப்பல் பிரிட்டிஷ் கப்பல்” என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன்.

பிரிட்டன் பங்குதாரராக உள்ளே வந்தது 1875இல்தான். கடனில் தத்தளித்த இஸ்மாயிலின் பங்குகளைக் கிட்டத்தட்ட 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

சரி, விக்டோரியா எங்கிருந்து வந்தார்? 1894 மே 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் கப்பல் கால்வாயைத் திறந்து வைத்தவர் அவர். இரண்டும் கலந்துவிட்டன போலிருக்கிறது.