புயலில் நனைந்த கிளினிக்கின் மேல் இன்னொரு கடனை ஏற்றாதீர்கள்

அமெரிக்காவில் ஒரு சூறாவளி கரையைக் கடந்ததும் எல்லோருடைய கவலையும் பெரிய மருத்துவமனைகள் மேல்தான். ஜெனரேட்டர் ஓடுகிறதா, ஐசியூ நோயாளிகளை மாற்றினார்களா என்று கேட்கிறோம். நியாயமான கவலைதான். ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி, பெரியவருக்கு சர்க்கரை மாத்திரை, பல்வலி, பிசியோதெரபி இதெல்லாம் பெரும்பாலும் நடப்பது ஒரு டாக்டரும் நாலைந்து ஊழியர்களும் இருக்கும் சின்ன கிளினிக்கில். அதுவும் ஒரு சிறுதொழில்தான். மின்சாரம் போய் ஃப்ரிட்ஜின் சூடு 8 டிகிரியைத் தாண்டினால், அதிலுள்ள தடுப்பூசிகளைப் பயன்படுத்தலாமா என்பதே சந்தேகமாகிவிடும். இன்டர்நெட் இல்லாவிட்டால் இன்சூரன்ஸுக்கு க்ளெய்ம் அனுப்ப முடியாது. பார்த்த நோயாளிக்கான பணமும் வராது.

இவர்களுக்கு யார் உதவுவது? ஃபீமா என்ற மத்திய பேரிடர் உதவி அமைப்பு குடும்பங்களுக்குப் பணம் தரும், தொழில் நடத்துகிறவர்களுக்கு மானியம் தராது. அவர்களை எஸ்பிஏ என்ற மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகத்திடம் அனுப்பிவிடும். அங்கே கிடைப்பது கடன். நல்ல கடன்தான், மறுக்கவில்லை. 20 லட்சம் டாலர் வரை கிடைக்கும். வெளியில் கடன் கிடைக்காதவர்களுக்கு வட்டி 4 சதவீதத்தைத் தாண்டாது. 30 வருடம் வரை தவணை உண்டு. கட்டடத்துக்குச் சேதமே இல்லாமல் வருமானம் மட்டும் நின்றுபோயிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மருத்துவப் படிப்புக்கும் கருவிகளுக்கும் வாங்கிய கடனையே இன்னும் அடைத்து முடிக்காத ஒருவர், இழந்துவிட்ட மாதங்களுக்காகவும் கடன் வாங்க வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கடனாவது நேரத்துக்குக் கிடைத்ததா? 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி ஃப்ளோரிடாவில் கரையேறி, வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி வரை வெள்ளக்காடாக்கியது. அக்டோபர் 9ஆம் தேதி மில்டன் சூறாவளியும் ஃப்ளோரிடாவுக்கு வந்தது. அக்டோபர் நடுவிலேயே எஸ்பிஏவின் பேரிடர் கடன் நிதி தீர்ந்துவிட்டது. புதிய நிதிக்கான சட்டம் டிசம்பர் 21 அன்றுதான் கையெழுத்தானது.

அந்த இடைவெளியில் மேற்கு வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தை நினைத்துப் பாருங்கள். குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்பியது. தண்ணீர் இல்லாமல் ஒரு பல் மருத்துவர் என்ன செய்வார்? நோயாளி வாய் கொப்பளிக்க முடியாது, கருவிகளைக் கழுவ முடியாது. ஆனால் வாடகை, சம்பளம், பிரீமியம் எதுவும் நிற்காது. பல் சுத்தம் செய்யும் ஊழியருக்கும் வீட்டுச் செலவு இருக்கிறது. வேறு ஊரில் வேலை கிடைத்தால் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் தண்ணீர் வந்தாலும் கிளினிக்கைத் திறக்க ஆள் இருக்காது.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டில் வணிகக் கட்டடத்துக்கு 5 லட்சம் டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 5 லட்சம் வரை எடுக்கலாம். நின்றுபோன வருமானத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஹெலீனுக்குப் பிறகு, முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் முன்பணம் தர முன்வந்தது. அதையும் பிறகு வரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார்கள். அதோடு, குழந்தை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் மெடிக்கேர் பணம் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

ஃப்ளோரிடா மாநிலம் புயல்களுக்குப் பிறகு சிறுதொழில்களுக்கு 50,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் தருகிறது. எஸ்பிஏ பணமோ காப்பீட்டுப் பணமோ வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான் அது. திசை சரி. ஆனால் கிளினிக், மருந்துக்கடை போன்றவற்றுக்கு முதல் 3 மாதச் சம்பளத்தையும் வாடகையையும் மானியமாகவே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

'டாக்டருக்கு எதற்கு மானியம், பக்கத்தில் பேக்கரி நடத்துகிறவர் ஏமாளியா?' என்று சிலர் கேட்பார்கள். பேக்கரிக்காரருக்கும் உதவி வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மருத்துவர் ஊரை விட்டுப் போனால் அவரைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதை நியூ ஆர்லியன்ஸ் பார்த்துவிட்டது. 2005 கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அங்கே சேரிட்டி என்ற பெரிய அரசு மருத்துவமனை திரும்பத் திறக்கவே இல்லை. மருத்துவப் பணியாளர்களை அங்கே வரவழைக்கவும் தக்கவைக்கவும் மத்திய அரசு 2007இல் 5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய ஒப்புக்கொண்டவர்களுக்கு அந்தப் பணம் போனது. அதே நிபந்தனையோடு, அவர்கள் ஊரை விட்டுப் போவதற்கு முன்பே, முதல் மாதத்திலேயே கொடுங்கள் என்கிறேன்.