அந்தப் பெடியன் வழுக்கியதில் என்ன சிரிப்பு?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடியோவை எனக்குப் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். எதைச் சொல்கிறேன் என்று தெரியும்தானே. ரொறன்ரோவில் ஸ்காபரோ பஸ் தரிப்பு, முதல் பனி, கனடாவுக்குப் படிக்க வந்த ஒரு பெடியன், காலில் கன்வஸ் சப்பாத்து, கையில் சாப்பாட்டுப் பை, அப்புறம் தொபுக்கடீர். பின்னால் வடிவேலு குரல் வேறு ஒட்டியிருக்கிறார்கள்.

சிரிக்க என்ன இருக்கிறது? விழுந்த பெடியன் முதலில் பையைத் திறந்து கறி ஊத்துப்பட்டுவிட்டதா என்று பார்க்கிறான். முழங்காலைத் தடவிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அதை ஒருவரும் கவனிக்கவில்லையா?

"கனடாவில் பனி கொட்டும் என்று தெரியாமலா வந்தவர்?" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். தெரியும் அண்ணை. நவம்பர் 9ஆம் திகதியே இப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? மரத்தில் இலைகூட முழுதாகக் கொட்டவில்லை. பனிக்காலத்துக்கென்று மாற்றுகிற உங்கள் வின்ரர் ரயர் கராஜில்தானே கிடந்தது?

ஜனவரிப் பனி வேறு, இந்த முதல் பனி வேறு. ஜனவரியில் காலுக்கடியில் மாவு மாதிரி நறநறக்கும். நவம்பரில் நிலத்திலும் ஏரியிலும் சூடு மிச்சம் இருக்கும். மழையும் பனியும் கலந்து விழும், பாதி உருகும், இரவு பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் கண்ணாடியாக இறுகிவிடும். தார் ரோட்டில் அது இருப்பதே தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனும் விழுவான்.

2019 நவம்பர் 11 ஞாபகம் இருக்கிறதா? அன்றும் இப்படித்தான் முந்திக்கொண்டு கொட்டியது. இருபது வருடமாக இங்கே கார் ஓட்டுகிற நான், "இன்னும் இரண்டு கிழமை கிடக்குத்தானே" என்று ரயர் மாற்றாமல் போனேன். பிரேக்கை மிதிக்க மிதிக்க, கார் தன்பாட்டுக்குப் போய் ஒரு கம்பத்தோடு நின்றது. 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயர் இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1இலிருந்து மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். இங்கே ரொறன்ரோவில் அவரவர் புத்திதான். எனக்கு அது அன்று இருக்கவில்லை. நல்லகாலம், யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"பகிடிதானே, ஏன் இவ்வளவு கோபம்?" சரி, பகிடியாகவே இருக்கட்டும். 1998இல் நான் வந்து இறங்கியபோது சித்தப்பா விமான நிலையத்துக்கே ஒரு சோடி பூட்ஸ் கொண்டுவந்தார். இரண்டு அளவு பெரிது. 'உதயன்' பேப்பரைக் கசக்கி நுனியில் அடைத்துக்கொண்டு அந்த வின்ரர் முழுக்க நடந்தேன். இந்தப் பெடியனுக்கு யார் கொண்டுபோனது? பேஸ்மென்டில் ஓர் அறைக்குள் நாலு பேரை அடைத்து, ஆளுக்கு ஆள் வாடகை வாங்குகிற நம்மவர்களில் ஒருவராவது "தம்பி, உன்னிடம் பூட்ஸ் இருக்கா?" என்று கேட்டிருப்பாரா? வீடியோ எடுத்தவரும் தமிழில்தான் சிரிக்கிறார். அவர் ஓடிப்போய்த் தூக்கவில்லை. அதுதான் எனக்கு இரண்டு நாளாக அடங்கவில்லை.

"நாங்கள் அகதியாக வந்தோம், இவர்கள் காசு கட்டிப் படிக்க வந்தவர்கள், இரண்டும் ஒன்றா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்று எனக்குப் பொறுமை இல்லை.

என் கராஜில் ஒரு சோடி பூட்ஸ் கிடக்கிறது. அளவு 9, கறுப்பு, இடது சிப் கொஞ்சம் இறுக்கம். தேவையான பெடியன்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது ஆளும் அந்த வீடியோவை அனுப்பிவிட்டார். என் சொந்த மச்சான்.